ரோட்டைப் பார்த்து மாட்டிய போர்டு

சேர்ந்த நாள்

போன் எடுத்துப் பேசத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டார்கள். தெரியும் என்றேன். வேலை கிடைத்துவிட்டது. 2004இல், மரக்காணத்தில், ஈ.சி.ஆர். ரோட்டு ஓரமாக இருந்த ஒரு லாரி புக்கிங் ஆபீஸில்.

லாரி புக்கிங் ஆபீஸ் என்றால் என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உப்பளக்காரர் வந்து, லோடு இருக்கிறது, வண்டி வேண்டும் என்பார். நாங்கள் வண்டி பிடித்துக் கொடுப்போம். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, வாங்குகிற பார்ட்டி யார், டிரைவர் யார், எல்லாம் எங்கள் வழியாகத்தான் போகும். அதற்குக் கமிஷன். ஒரு அறை, ஒரு மேசை, ஒரு போன், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் ஆபீஸ்.

முதலாளி பெயர் கோதண்டம். கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு கரும்பலகை இருந்தது. கதவுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து, ஆணி அடித்து மாட்டியிருந்தார். அன்றைக்குப் போகிற லோடு அத்தனையும் அதில் சாக்பீஸால் எழுதப்படும். லாரி நம்பர், டிரைவர் பெயர், யார் உப்பளம், எந்த ஊர், பார்ட்டி பெயர், பார்ட்டி போன் நம்பர். டிரைவர்கள் எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்தபடியே படித்துக்கொள்வார்கள். நம்பரை சிகரெட் அட்டையில் குறித்துக்கொள்வார்கள். நின்று கத்த வேண்டியதில்லை. மரக்காணத்தில் வேறெந்த புக்கிங் ஆபீஸிலும் இப்படி ஒரு போர்டு இல்லை என்று அவருக்குப் பெருமை. சாக்பீஸை வேறு யாரும் தொடக்கூடாது.

போர்டுக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வேறு வேலை இல்லாமல் அதைத்தான் படித்துக்கொண்டு நிற்பார்கள்.

சேர்ந்த முதல் வாரமே கேட்டேன். "பார்ட்டி நம்பரை எதுக்குங்க வெளிய எழுதுறீங்க? டிரைவர் உள்ள வந்து கேட்டுட்டுப் போகட்டுமே."

"ஏம்மா மல்லிகா, உப்பு மூட்டைதான ஏத்துறோம்? கஞ்சாவா ஏத்துறோம்? மறைக்கிறதுக்கு என்னா இருக்குது?" என்றார்.

இதே மனிதருக்கு மாடு பிடிக்கிற பைத்தியம் உண்டு. மாட்டுச் சந்தைக்குப் போனால் தரகரும் இவரும் கை மேல் துண்டைப் போட்டு மூடி, துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிற சொந்தத் தம்பிக்குக்கூட விலை தெரியக்கூடாது. வாங்கிவிட்டு வந்த பிறகும் என்ன விலை என்று சொல்லமாட்டார். நாங்கள் கேட்டால் சிரிப்பார். மாட்டு விலைக்குத் துண்டு. அடுத்தவள் பார்ட்டிக்குக் கரும்பலகை.

எனக்கு அப்போதே எரிச்சல்தான். ஆனால் எழுதுகிறது அவர், போர்டு அவருடையது.

சகுந்தலாவின் அம்பாரம்

சகுந்தலா குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்தியவள். பெரிய ஆள் இல்லை. கொஞ்சம் பாத்திதான். புருஷனுக்கு முதுகு போய்விட்டது, மூட்டை தூக்க முடியாது. இவளே வரப்பு போடுவாள், இவளே ஆள் விடுவாள், இவளே உப்பு வாருவாள். வாய் அதிகம். டிரைவர்கள் எல்லாரும் அவளுக்குப் பயந்தவர்கள்.

சுனாமியில் அவள் வரப்பு உடைந்து பாத்தியெல்லாம் சேறாகிவிட்டது. எல்லாரும் உப்பு வாரும்போது இவள் சேறு வாரினாள். சீசன் முடிகிற சமயத்தில்தான் கொஞ்சம் உப்பு கண்டாள். அதை அப்போதைய விலைக்குப் புரோக்கர்களுக்குக் கொடுக்கவில்லை. அம்பாரமாகக் குவித்து, மேலே பனையோலை வேய்ந்து, மழைக்காலம் முழுக்கக் காவல் இருந்தாள். 2005இல் பெய்த மழை சாதாரண மழை இல்லை. பலபேர் அம்பாரம் கரைந்து வாய்க்காலில் போனது. இவளுடையது நின்றது.

பக்ரீத் வந்தால் தோல் மண்டிகளுக்கு ஆட்டுத் தோல் மலையாக வந்து இறங்கும். வந்த உடனே உப்புப் போட வேண்டும். இல்லையென்றால் நாறிவிடும், எறிய வேண்டியதுதான். அந்த வருஷம் பக்ரீத் ஜனவரியில். ஜனவரியில் உப்பளத்தில் புது உப்பு கிடையாது, பழைய அம்பாரம்தான் உண்டு. சகுந்தலா இதைக் கணக்குப் போட்டு, ஒரு துணிப்பையில் சாம்பிள் உப்பைக் கட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி ஆம்பூருக்குப் போனாள். ஒரு தோல் மண்டி பாயைப் பிடித்தாள். பக்ரீத்துக்கு முன்னால் இரண்டு லாரி உப்பு என்று பேசி முடித்து வந்தாள். அம்பாரம் முழுக்க அந்த இரண்டு லாரிக்குத்தான் காணும்.

புக் பண்ண வந்தபோது முதலாளியிடம் சொன்னாள்: "அண்ணே, இது வெறும் லோடு இல்ல. தை பொறந்தா குத்தகைய புதுப்பிக்கணும். இந்த உப்பு போய்ச் சேர்ந்தாத்தான் பாத்தி எனக்கு. இல்லன்னா அடுத்த சீசன்ல நான் அடுத்தவன் பாத்தியில கூலிக்கு உப்பு வாருவேன்."

"கவலைப்படாத சகுந்தலா. நம்ம ஆபீஸ்ல ஏறுன லோடு வழியில நின்னதா சரித்திரம் உண்டா?" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்தார்.

வந்த போன்

முதல் லாரிக்கு டிரைவர் பாபு என்று போர்டில் எழுதினார். உப்பு ஏற்றி முடிக்கிற நேரத்தில் பாபுவுக்குக் குளிர் காய்ச்சல். வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஏழுமலை என்ற டிரைவர் வண்டியை எடுத்தார். ஆம்பூர் மண்டிக்குப் போன் போட்டு, டிரைவர் மாறிவிட்டது, ஏழுமலை வருகிறார் என்று நான் சொன்னேன். போர்டில் பாபு அப்படியே இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி காலையில் கிளம்பியது. மத்தியானத்துக்கு முன்னால் ஒரு போன் வந்தது. முதலாளியே எடுத்தார்.

"ஆமாங்க, நம்ம ஆபீஸ்தான்... ஆமா, சகுந்தலா லோடுதான்... ஆமா, அந்த நம்பர் வண்டிதான்... ஆமா, பாபுதான். ராணிப்பேட்டையிலியா? சரிங்க, சரிங்க. சொல்லிடறேன்."

வைத்துவிட்டு என்னிடம், "ஆம்பூர்ல எடம் இல்லியாம்மா. ராணிப்பேட்டை பைபாஸ்ல ஆள் நிப்பானாம், அங்கியே அவங்க குடோன்ல எறக்கணுமாம். ஏழுமலை போன் போட்டா சொல்லிடு" என்றார்.

"யாருங்க பேசுனது?"

"பாய் மண்டி மேனேஜரு."

"எந்த நம்பர்ல இருந்து?"

"அதெல்லாம் எவன் பாக்குறான்?"

"மண்டி நம்பருக்கு நாம ஒரு தடவ போட்டுக் கேட்டுடலாமுங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டி நம்பர் சொல்றான். டிரைவர் பேரு சொல்றான். சகுந்தலா பேரு சொல்றான். இம்புட்டும் தெரிஞ்சவன் மண்டிக்காரனா இல்லாம உங்க மாமனா? எஸ்.டி.டி. சார்ஜ் என்னா உங்க வீட்டுலயா கட்டுறாங்க?"

அப்போது டிரைவர்களில் பாதிப்பேரிடம் செல் கிடையாது. வழியில் பூத்தில் இருந்து போன் போடுவார்கள். ஏழுமலை ஆற்காட்டில் இருந்து போட்டபோது ரிசீவரை என் கையில் இருந்து பிடுங்கி முதலாளியே சொன்னார். ஏழுமலை ராணிப்பேட்டைக்குத் திருப்பினார்.

சாயங்காலம் ஏழுமலை மறுபடியும் போன் போட்டார். "எறக்கியாச்சுக்கா. நல்ல ஆளுங்க. வாடகைய உடனே குடுத்துட்டாங்க. டீ, பன்னு எல்லாம் வாங்கிக் குடுத்தாங்க."

அவர் வைத்த கொஞ்ச நேரத்தில் ஆம்பூர் பாய் போன். "ஏம்மா, லோடு எங்க? தார்ப்பாய் விரிச்சு வச்சு ஆள் உக்காந்திருக்குது."

நீங்கதான் ராணிப்பேட்டையில இறக்கச் சொன்னீங்களாம் என்றேன். "நானா? ராணிப்பேட்டையில எனக்கு என்னா இருக்குது? மாமியார் வீடுகூட இல்ல!" என்று கத்தினார்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டிரைவர் யாருன்னு அவன் சொன்னான்?"

"பாபுன்னான்."

"பாபு காய்ச்சல்ல படுத்துக் கெடக்குறாரு. மண்டிக்கு ஏழுமலைன்னு நான்தான் சொன்னேன். வண்டியில போறது ஏழுமலைன்னு மண்டிக்குத் தெரியும், நமக்குத் தெரியும். பாபுன்னு ஒரு எடத்துலதாங்க இருக்குது."

இருவரும் வெளியே போய்ப் பார்த்தோம். போர்டில் பாபு. பக்கத்தில் லாரி நம்பர், சகுந்தலா, ஆம்பூர், பாய் மண்டி, போன் நம்பர். குண்டு குண்டான எழுத்து. அவன் துப்பறியவில்லை. யாருக்கும் காசு கொடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்று படித்தான். நாங்கள் எழுதிவைத்ததை எங்களுக்கே படித்துக் காட்டினான். நாங்கள் அதைக் கேட்டு, அடடா, தெரிந்தவன் என்று லோடைத் தூக்கிக் கொடுத்தோம்.

மறுநாள் ஏழுமலையும் முதலாளியும் ராணிப்பேட்டைக்குப் போனார்கள். அது வாடகைக்கு விடுகிற ஷெட். காலி. உப்பு அன்றைக்கே வேறு வண்டியில் போய்விட்டது. வாடகைக்கு எடுத்தவன் பெயரைக் கேட்டால், ஷெட்காரர், "பக்ரீத் வியாபாரம்னு சொன்னாருங்க" என்றார். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அதோடு சரி. அந்த உப்பு வரவே இல்லை.

நண்டு

அவர்கள் ராணிப்பேட்டைக்குக் கிளம்புவதற்கு முன்பே, காலையில் சகுந்தலா வந்துவிட்டாள். நான் ஆள் விட்டிருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நேராகப் போர்டுக்குப் போய், உள்ளங்கையால் தன் பெயரையும் பாய் பெயரையும் நம்பரையும் தேய்த்தாள். கை வெள்ளையாகிவிட்டது. அந்தக் கையோடு உள்ளே வந்தாள்.

"யோவ் கோதண்டம்! சந்தையில மாட்டுக்கு வெல பேசறதுக்குத் துண்டைப் போட்டு மூடுறியே, எம் பார்ட்டிய பஸ் ஸ்டாண்டுல எழுதி வப்பியா? எம் மேல போட ஒரு துண்டு கெடைக்கலியா ஒனக்கு?"

அது வரைக்கும் அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

அப்புறம் பாய்க்குப் போன் போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கர் எல்லாம் இல்லை. ஆனால் பாய் கத்தியது மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது.

"பாய், நான் சகுந்தலா பேசறேன். மரக்காணம்."

"எந்த சகுந்தலா?"

"என்னா பாய், உப்பு சகுந்தலா."

"நேத்து என் மேனேஜர்னு ஒருத்தன் பேசிட்டான். இன்னிக்கு சகுந்தலான்னு ஒருத்தி பேசற. நாளைக்கு என் பொண்டாட்டின்னு எவளாவது பேசுவா. நீ சகுந்தலான்னு நான் எப்படிம்மா நம்பறது?"

அவள் முகம் சிவந்துவிட்டது. லோடு போனதைவிட இது அவளுக்குப் பெரிய அடி. பிறகு சத்தமாகச் சொன்னாள்:

"சாம்பிள் பைய அவுத்தப்ப உள்ளார இருந்து நண்டு வந்துச்சே! காஞ்ச நண்டு. அதப் பாத்துட்டு இந்த ஒசரத்துக்கு எகிறி, 'அரே, உயிரோட இருக்குதா'ன்னு நாற்காலி மேல ஏறுனீங்களே! உங்க கணக்கப்புள்ளகூட சிரிச்சாரே! அந்த சகுந்தலா பாய் நான்!"

அப்புறம் பாய் சிரித்தார். "அட அல்லா! இத வெளிய சொல்லாதம்மா. நீதான். நம்பறேன்" என்றார்.

இரண்டாவது லோடு வரட்டும் என்றார் பாய். ஆனால் அதுவும் தப்பினால் பக்ரீத்துக்குப் பிறகு மரக்காணத்து உப்பையே தொடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். குறைகிற உப்பை வேறு எங்காவது பிடித்துக்கொள்கிறேன் என்றார். அவள் அம்பாரத்தில் மிச்சம் ஒரே ஒரு லாரி உப்பு.

அவள் போனை வைக்கப் போனபோது நான் வாங்கிக்கொண்டேன். "பாய், லோடைப் பத்தி என்னா மாத்தறதா இருந்தாலும் நீங்க போட்டாலும் சரி, நாங்க போட்டாலும் சரி, எடுக்கறவங்க மொதல்ல சாம்பிள் பையில என்னா இருந்துச்சுன்னு கேக்கணும். சொல்லலைன்னா போனை வச்சிடணும். உங்க கணக்கப்புள்ளகிட்டயும் சொல்லி வையுங்க, யாரும் இத வெளிய பேசக் கூடாதுன்னு" என்றேன்.

"சத்தியமா வெளிய பேசமாட்டோம். என் மானமும் இருக்குதுல்ல அதுல" என்றார்.

மறுபடியும் அவன்

இரண்டாவது லாரிக்கும் ஏழுமலைதான். ரோஷப்பட்டு அவரே கேட்டு வாங்கினார். முதலாளி பழக்க தோஷத்தில் மறுபடியும் சாக்பீஸை எடுத்தார். லாரி நம்பரையும் ஆம்பூர் என்பதையும் எழுதியும் விட்டார். நான் பின்னால் போய் நின்றதும் நிறுத்திக்கொண்டார்.

அந்த இரண்டு விஷயம் போதுமாக இருந்தது. மிச்சம் எல்லாம் அவனுக்கு முன்பே தெரியுமே.

இந்த முறை போனை நான் எடுத்தேன். வேறு குரல். மரியாதையான குரல். அக்கா என்றுதான் ஆரம்பித்தான்.

"அக்கா, ஆம்பூர் மண்டியில இருந்து பேசறேன். முந்தாநாள் உங்கள ஒரு ஃபிராடு ஏமாத்திட்டானாமே. பாய் ரொம்ப மனசு கஷ்டப்பட்டாருக்கா. உங்க மேல தப்பே இல்லன்னாரு."

பஜாரே இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. எவன் காதிலும் விழுந்திருக்கும்.

"அதனால இந்த லோடுக்கு நாங்களே ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பறோம்கா. சேஃப்டிக்கு. டிரைவர் போன் போட்டா, ஆற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. எங்க ஆள் வண்டியில ஏறி வழி காட்டுவான். மறுபடியும் எவனும் ஏமாத்தக் கூடாது பாருங்க."

திருடன் வந்து, உங்கள் வீட்டில் திருடு போனதாமே, பூட்டை நான் மாற்றித் தருகிறேன் என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு ரிசீவரை உடைத்திருப்பேன். முதலாளி எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, சாம்பிள் பையில என்னா இருந்துச்சு?"

"என்னக்கா?"

"சாம்பிள் பை. அதுல என்னா இருந்துச்சு?"

"உப்புதான்கா."

"உப்பு இருக்கும். உப்புக்குள்ள என்னா இருந்துச்சு?"

"அக்கா, நான் புதுசா சேர்ந்தவன். பெரியவரு சொன்னதச் சொல்றேன். வண்டி ஆற்காடு தாண்டிட்டா நான் பொறுப்பில்ல, உங்க மொதலாளிகிட்ட குடுங்க" என்று குரலை உயர்த்தினான். இது ஒரு தந்திரம். இன்றைக்கும் இதையேதான் செய்கிறார்கள். பதில் தெரியாவிட்டால் அவசரப்படுத்துவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மேலே இருக்கிறவரைக் கேட்பார்கள்.

ரிசீவரை முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்பா, பையில என்னா இருந்துச்சு?" என்றார்.

போன் கட்டாகிவிட்டது.

முதலாளி எழுந்து வெளியே போனார். ஈரத்துணி எடுத்துப் போர்டை முழுக்கத் துடைத்தார். பிறகு ஆணியையும் பிடுங்கி, போர்டை உள்ளே கொண்டுவந்து சுவரைப் பார்த்துச் சாய்த்துவைத்தார். டிரைவர்கள் அன்றுமுதல் உள்ளே வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். அதனால் ஒருத்தரும் செத்துப்போகவில்லை.

அன்று சாயங்காலம் பாய் போன் போட்டார். எடுத்ததும் அவரே, "நண்டு, நண்டு" என்றார். "லோடு வந்துடுச்சு. எறக்கறோம்."

போன லோடுக்கு முதலாளிதான் சகுந்தலாவுக்கு ஈடு கட்டினார். கட்ட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மட்டும் மனிதர். அதற்காக ஒரு ஜோடிக் காளையைச் சந்தைக்கு ஓட்டிப்போனார். துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விற்றார். என்ன விலைக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. தை மாதம் சகுந்தலா குத்தகையைப் புதுப்பித்தாள்.

இப்போது

நான் வேலையை விட்டு நாளாகிவிட்டது. இப்போது என் செல்லுக்குப் போன் வருகிறது. பேங்கில் இருந்து பேசுகிறேன் என்கிறான். என் முழுப் பெயர், ஊர், அக்கவுண்ட் எந்த பிராஞ்ச் என்று எல்லாம் சொல்கிறான். சொல்லிவிட்டு, செல்லுக்கு வந்த ஓ.டி.பி. நம்பரைக் கேட்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் படித்தவள், வேலைக்குப் போகிறவள். அவளிடம் இதைச் சொன்னால், "உங்க டீட்டெயில் எல்லாம் கரெக்டா சொல்றாங்கன்னா பேங்காத்தானே ஆன்ட்டி இருக்கும்" என்கிறாள். கோதண்டம் முதலாளி பேசிய அதே பேச்சு. இத்தனை வருஷத்தில் ஒன்றும் மாறவில்லை. அன்றைக்கு ஒரு போர்டுதான் ரோட்டைப் பார்த்து இருந்தது. இன்றைக்கு நாம் போகிற கடையில் எல்லாம் பெயரும் நம்பரும் கொடுத்துவிட்டு வருகிறோம். அதை எவன் எங்கே மாட்டிவைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது.

என்னிடம் கேட்டால் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒருத்தனுக்குத் தெரியும் என்பதால் அவன் தெரிந்தவன் ஆகிவிட மாட்டான். போனை வை. உன்னிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு நீயே போட்டுக் கேள். அவன் கோபப்பட்டால் படட்டும்.

சகுந்தலாவின் மகன் இப்போதும் ஆம்பூருக்கு லோடு அனுப்புகிறான். மண்டியில் இப்போது பாயின் மருமகன். கேள்வி மட்டும் அதேதான் இருந்தது. இதை எழுதுவதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் போன் போட்டு, நண்டு சமாச்சாரத்தை எழுதப்போகிறேன், கேள்வியை மாற்றுங்கள் என்றேன். மாற்றிவிட்டார்கள். புதுக் கேள்வி என்னவென்று மகனிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு அத்தை அது?" என்றான்.

சரியான பதில். போனை வைத்துவிட்டேன்.